இருபது வளைவு, நாலு சைக்கிள்

தொலைதூரப் பயணத்துக்கு எந்த சைக்கிள் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பையைக் கட்டிக்கொண்டு அதில் ஏற்காடு ஏறுவீர்களா? சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடை வாசலில் ஒரு வட்டம் அடித்தால் எல்லா சைக்கிளும் சுகமாகத்தான் இருக்கும்.

நான் முதலில் வாங்கியது ரோடு பைக், தார் ரோட்டில் வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிள். பத்து கிலோ எடை, 25 மில்லிமீட்டர் டயர். வாழப்பாடி வரை போய்த் திரும்பினால் காற்றாகப் பறக்கும். வளைந்த ஹேண்டில்பாரில் கையை மூன்று இடங்களில் மாற்றிப் பிடிக்கலாம், அது பெரிய நிம்மதி. ஆனால் அதில் கேரியர் மாட்ட ஓட்டையே இல்லை. எட்டு கிலோ பையை முதுகில் சுமந்துகொண்டு அடிவாரம் தாண்டினேன். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் சக்கரத்தில் 28. ஆகச் சின்ன கியரிலேயே ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்ற, இரண்டரை மீட்டர் தள்ளியாக வேண்டும். பன்னிரண்டாவது வளைவில் இறங்கி உருட்டினேன். பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகூட மதிக்கவில்லை.

கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது எம்டிபி, அதாவது மலைப்பாதைக்கான மவுன்டன் பைக். முன்னால் 22, பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிக்கு ஒன்றே கால் மீட்டர் சொச்சம்தான். மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறும். கேடு என்னவென்றால் முன் சஸ்பென்ஷன். எழுந்து நின்று மிதித்தால் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். தார் ரோட்டில் கட்டை டயரின் ‘ஙொய்ங்’ சத்தம் வேறு. வழுவழு டயர் போட்டு, சஸ்பென்ஷனைப் பூட்டும் வசதியும் இருந்தால் மோசமில்லை.

அப்பா காலத்துப் பெரிய சைக்கிளைக் கிண்டல் செய்யாதீர்கள். நிமிர்ந்து உட்காரலாம், ஸ்பிரிங் சீட், எந்த ஊரிலும் பஞ்சர் ஒட்டுவார்கள். மேட்டூர் வரைக்கும் தாராளமாகப் போகலாம். மலைக்கு மட்டும் வேண்டாம். 44க்கு 18 பல் என்றால் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல். இறங்கும்போது இன்னும் ஆபத்து: மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை சரியாகப் பிடிக்காது.

இப்போது ஓட்டுவது ஹைபிரிட், ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் நடுவில் ஒரு ரகம். 38 மில்லிமீட்டர் டயர், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் இல்லை, டிஸ்க் பிரேக், கேரியருக்கு ஓட்டைகள். முன்னால் 28, பின்னால் 34 பல். அதே பையைக் கேரியரில் கட்டி உருட்டாமல் ஏறினேன். குறை இல்லாமல் இல்லை. நேர் ஹேண்டில்பாரில் கைக்கு ஒரே பிடிதான். மூன்று மணி நேரத்தில் சுண்டு விரல் மரத்துப்போகும், உள்ளங்கையில் ஓடும் நரம்பு நசுங்குவதால். கையை மாற்றிப் பிடிக்க ஹேண்டில்பார் ஓரத்தில் கொம்பு மாட்டிய பிறகு பரவாயில்லை. சீட்டையும் மாற்றினேன். மெத்துமெத்தென்ற ஜெல் சீட் முதல் ஒரு மணி நேரம்தான் சொகுசு. அப்புறம் உடம்பு அதற்குள் புதைந்து அழுத்தக் கூடாத இடத்தை அழுத்தும். இடுப்பெலும்பு இரண்டும் தாங்கும் அகலத்தில், கொஞ்சம் கெட்டியான சீட்தான் நூறு கிலோமீட்டருக்கு லாயக்கு.

தொலைதூரத்துக்கென்றே செய்த டூரிங் சைக்கிள், ஸ்டீல் ஃபிரேமும் 36 கம்பி சக்கரமுமாக, இவை எல்லாவற்றையும்விட மேல். விலையும் அப்படித்தான். வருஷத்துக்கு நாலு பயணம் போகிறவருக்கு ஹைபிரிட் போதும்.

ஒரு சின்ன விஷயம், டியூபின் வால்வு. என் ரோடு பைக்கில் மெல்லிசான பிரெஸ்டா வால்வு, ஒரு முறை பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பையன் அதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணா இது, ஊசி மாதிரி இருக்கு?” என்று கையை விரித்தான். மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் விரல் நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

வாங்கப் போகும்போது பையையும் கடைக்கு எடுத்துப் போங்கள். கேரியரில் கட்டி மிதித்துப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் அந்த சைக்கிள் வேண்டாம்.