ஃப்ரீலான்ஸா ஆபீஸ் போய் வேலை பாக்கலாமா? கோவைல நான் போற டிசைன் ஆபீஸ் பத்தி

பீளமேடு பக்கம் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்ங்க. பேரு போட வேண்டாம்னு அவங்களே கேட்டுக்கிட்டதால விட்டுடறேன். பம்ப் கம்பெனி, வெட் கிரைண்டர் கம்பெனிக்கெல்லாம் கேட்லாக், யூசர் மேனுவல், வாரண்டி கார்டு பண்ணித் தர்றாங்க. தமிழ் மேனுவல் எழுதி லேஅவுட் பண்றது என் வேலை. நான் ஸ்டாஃப் கிடையாது, ஃப்ரீலான்ஸ்தான், ஆனா வாரத்துல பாதி நாள் அங்கயே போய் உக்காந்து பண்ணணும். இப்படிப்பட்ட வேலைக்கு போலாமான்னு தெரிஞ்சவங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

முதல்ல காசு, ஏன்னா ஃப்ரீலான்ஸருக்கு ஒரு ஆபீஸ் எப்படிப்பட்டதுன்னு அங்கதான் தெரியும். வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அக்ரிமெண்ட் குடுத்துட்டாங்க, ஒரு மேனுவலுக்கு எவ்வளவு, எத்தனை தடவை கரெக்‌ஷன் பண்ணித் தரணும், அதுக்கு மேல கேட்டா தனியா எவ்வளவு, பார்ட்டி பாதில வேலைய நிறுத்திட்டா முடிச்ச வரைக்கும் எவ்வளவு, பில் குடுத்து எத்தனை நாள்ல பணம் வரும், எல்லாமே அதுல எழுதியிருந்துச்சு. சொன்ன தேதிக்கு பணம் வந்துடுது. பார்ட்டி அவங்களுக்கு பணம் போட்டாங்களா இல்லையாங்கறத என் தலைல கட்றதே இல்ல. இதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு இடத்துல "பார்ட்டி இன்னும் போடலைங்க, வந்ததும் தர்றோம்"னு சொல்லியே மாசக்கணக்கா இழுத்தாங்க, அத அனுபவிச்சவங்களுக்குத்தான் இதோட அருமை புரியும்.

அங்க அக்கவுண்ட்ஸ் பாக்கற அக்கா என்னை உக்கார வச்சு உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறு குறு தொழில் பண்றவங்களுக்கான அரசாங்க பதிவு, பண்ண வச்சாங்க. ஃப்ரீதான், ஆதாரும் பானும் இருந்தா ஆன்லைன்லயே முடிஞ்சுடும், ஏஜெண்டுக்கு காசு குடுக்காதீங்க. அது இருந்தா, எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்ல பணம் தந்தாகணும், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள், லேட் பண்ணா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டின்னு சிறு குறு தொழிலுக்கான எம்எஸ்எம்இ சட்டத்துலயே இருக்கு. நாளைக்கு அவங்க மேலயே நான் காட்டக்கூடிய சட்டம் இது! அத அவங்களே சொல்லிக் குடுத்தாங்க, இத விட ஒரு இடத்த நம்பறதுக்கு என்ன வேணும் சொல்லுங்க. டிடிஎஸ், அதாவது பில்லுலயே பிடிக்கற வருமான வரி, 10 சதவீதம் பிடிக்கறாங்க, அத ஒழுங்கா என் பேர்ல கட்டியும் விடறாங்க, வருமான வரி சைட்ல வரிக்கணக்கு ஸ்டேட்மெண்ட்ல பாத்தா வந்துருக்கு. சில இடத்துல பிடிப்பாங்க, ஆனா கட்ட மாட்டாங்க, அதனால எங்க வேலை பாத்தாலும் செக் பண்ணுங்க.

அடுத்தது டைம். ஆறு மணிக்கு மேல வாட்ஸ்அப்ல வேலை வராது. பார்ட்டி கைல என் நம்பரே கிடையாது, எதுவா இருந்தாலும் ஓனர் மேடம் வழியாத்தான் வரும். ஒரு தடவை ஒரு பம்ப் கம்பெனிக்காரர் பிரிண்டுக்கு போற அன்னிக்கு சாயங்காலம் ஸ்பெக் டேபிள் மொத்தத்தையும் மாத்தணும்னு கூப்பிட்டாரு, மேடம் எங்க எல்லாரும் இருக்கும்போதே "மாத்தித் தர்றோம் சார், ஆனா கரெக்‌ஷன் கணக்கு முடிஞ்சுருச்சு, இதுக்கு தனி பில் வரும், நாளைக்கு மத்தியானம்தான் கிடைக்கும்"னு தன்மையா சொல்லிட்டு வச்சுட்டாங்க. அவரும் சரின்னுட்டாரு. பக்கத்துல ஸ்டாஃப் பையன் ஒருத்தன், அவன் மூஞ்சில எந்த பதட்டமும் இல்ல, அவன் பாட்டுக்கு பையை எடுத்துட்டு பஸ்ஸுக்கு கிளம்பிட்டான். அந்த ஆபீஸ் எப்படிப்பட்டதுன்னு அப்பதான் எனக்கு முழுசா புரிஞ்சுது.

பொண்ணுங்களுக்கு ஒரு விஷயம். போஷ் கமிட்டில, அதாவது வேலை இடத்துல பாலியல் தொல்லைன்னா புகார் குடுக்கற கமிட்டில, யார் யாருன்னு சுவத்துல ஒட்டியிருக்கு, முத நாளே "இது உங்களுக்கும் பொருந்தும்ங்க"ன்னு சொன்னாங்க. 2013 சட்டப்படி கான்ட்ராக்ட்ல வர்றவங்களுக்கும் அந்த பாதுகாப்பு உண்டு, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல கமிட்டி கட்டாயம், ஆனா வெளியாளுக்கு அத சொல்ற இடம் ரொம்ப கம்மி.

குறையும் இருக்கு. லேப்டாப், சாஃப்ட்வேர் எல்லாம் நம்மளோடது, அடோபி சப்ஸ்க்ரிப்ஷன் நம்ம கைக்காசு. பிஎஃப் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, லீவ் போட்டா அன்னிக்கு வருமானம் இல்ல, அதனால மெடிக்கல் பாலிசி நீங்களே எடுத்து அந்த பிரீமியத்தையும் சேத்துத்தான் ரேட் சொல்லணும். திங்கக்கிழமை மீட்டிங்ல சில நேரம் எனக்கு சம்பந்தமே இல்லாம உக்காந்திருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்கு காசு கேட்டேன், அடுத்த மாசத்துல இருந்து பேசலாம்னு சொல்லியிருக்காங்க. வண்டி நிறுத்த இடம் சுத்தமா இல்ல.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். வேற எங்கயாவது இதே மாதிரி சேரப் போறீங்கன்னா முத நாள் காபிக்கும் பீன் பேகுக்கும் மயங்காதீங்க, அங்க ஏற்கனவே ஃப்ரீலான்ஸ் பண்றவங்க ஒருத்தர்கிட்ட தனியா பேசி கடைசி பில்லுக்கு பணம் எப்ப வந்துச்சுன்னு மட்டும் கேளுங்க.