சின்ன விலங்குக்குப் பணம் கட்ட எது சரியான இடம்: வண்டலூரா, எலிப் படையா, பக்கத்துக் காப்பகமா?

விலங்குத் தத்தெடுப்பு என்றாலே நம் ஊரில் புலி, சிங்கம், யானைதான். வண்டலூர் உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலி அனுவை நடிகர் சிவகார்த்திகேயன் 2018இல் தத்தெடுத்தது செய்தியானது. அவர் ஒரு மரநாயை எடுத்திருந்தால் எத்தனை பத்திரிகை படம் போட்டிருக்கும்? ஆனால் மாதம் சில நூறு ரூபாய்தான் முடியும் என்பவர்கள் சின்னப் பாலூட்டிகள் பக்கம் போவதே நல்லது. புலியின் கறிச் செலவில் அந்தப் பணம் போன இடம் தெரியாது.

முதலில் வண்டலூர். இங்கே தத்தெடுப்பது என்றால் அந்த விலங்கின் தீவனச் செலவை ஏற்றுக்கொள்வது. உருவம் சிறிதானால் தொகையும் இறங்கும். ஒரு உயிரின் சாப்பாட்டை முழுசாக நாமே பார்த்துக்கொள்கிறோம் என்ற நிறைவு இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையும் (80ஜி என்பார்கள்) உண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். குறை என்றால், இது அரசுப் பூங்கா. நாம் கட்டாவிட்டாலும் அந்த விலங்கு பட்டினி கிடக்கப்போவதில்லை.

அடுத்து, டபிள்யூ.டபிள்யூ.எஃப். போன்ற பெரிய காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகளின் வெளிநாட்டுக் கிளைகள் சிவப்புப் பாண்டாவைத் தத்துக் கொடுக்கின்றன. பஞ்சு பொம்மையும் சான்றிதழும் வரும். குறிப்பிட்ட ஒரு பாண்டாவுக்கு அந்தப் பணம் போவதில்லை. அமைப்பின் பொதுவான பணிகளுக்குப் போகிறது. அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. பிறந்தநாள் பரிசுக்குச் சரி, அதற்கு மேல் எனக்கு ஈர்ப்பில்லை.

என்னை உண்மையில் இழுத்தது எலிதான். தான்சானியாவின் மொரோகோரோவில் அபோபோ என்ற பெல்ஜிய அமைப்பு ஆப்பிரிக்கப் பெரும்பை எலிகளைக் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கப் பழக்குகிறது. ஒன்றரைக் கிலோவைக்கூடத் தாண்டாத உடம்பு, அதனால் மேலே ஏறி நடந்தாலும் வெடி வெடிக்காது. இடுப்பில் வார் மாட்டி, இரண்டு பேர் நடுவில் பிடித்த கயிற்றில் கோத்துவிடுகிறார்கள். எலி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முகர்ந்துகொண்டே போகிறது. டிஎன்டி என்ற வெடிமருந்தின் வாசம் வந்தால் மண்ணைப் பிறாண்டும். பழக்குபவர் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுப்பார், உடனே வாழைப்பழத் துண்டு. வெயில் சுடாமல் இருக்கக் காதிலும் வாலிலும் களிம்புகூடத் தடவுகிறார்கள்! துருப்பிடித்த ஆணிக்கெல்லாம் அது நிற்காது. அதனால் உலோகம் தேடும் கருவியோடு மனிதர் நாலு நாள்வரை தேடும் டென்னிஸ் மைதான அளவு நிலத்தை அரை மணியில் முடித்துவிடுகிறது. கம்போடியாவில் வேலை பார்த்த மகாவா என்ற எலி 2020இல் பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. என்ற விலங்கு நல அமைப்பிடம் தங்கப் பதக்கம் வாங்கியது. 2022 ஜனவரியில் இறந்தது. அங்கேயே ரோனின் என்ற எலி 109 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து 2025இல் கின்னஸில் ஏறியது.

இங்கேயும் ஒரே எலிக்குப் பல பேர் பணம் கட்டுவார்கள். கணக்குப்படி பார்த்தால் பொம்மைத் திட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 80ஜி வரிச்சலுகையும் கிடையாது. ஆனாலும் அந்த எலி என்ன செய்கிறது என்று மாதாமாதம் தெரிகிறது, அது செய்வதால் ஒரு ஊர் மறுபடி வயலில் கால் வைக்கிறது. அதற்காகவே பொம்மையைவிட இதற்குக் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

கடைசியாக, பக்கத்துக் காப்பகம். ஆசைக்கு வாங்கி, அலுத்ததும் கைவிட்ட முயலும் கினிப்பன்றியும் வந்து சேரும் இடம். கண்ணைப் பறிக்கும் சான்றிதழ் எதிர்பார்க்க வேண்டாம். சாப்பாட்டைவிட வைத்தியம்தான் இங்கே காசைத் தின்கிறது. முயலுக்குப் பல் ஆயுசுக்கும் வளரும். கேரட்டை மட்டும் போட்டு வளர்த்தால், புல் மெல்லாத பல் தேயாமல் நீண்டு கன்னத்தைக் குத்தும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சீவ வேண்டும். முயல் பார்க்கத் தெரிந்த டாக்டரும் லேசில் அகப்படுவதில்லை. நம் ஐந்நூறு ரூபாய் வராவிட்டால் நிஜமாகவே துண்டு விழுவது இங்கேதான்.

அதனால் என் ஓட்டு முதலில் காப்பகத்துக்கு, அப்புறம் எலிக்கு, பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் வண்டலூருக்கு. ஒன்று மட்டும்: காப்பகத்தில் கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய், ஆண் முயலையும் பெண் முயலையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா, கருத்தடை செய்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மாதச் சினைதான். சேர்த்துவிட்டிருக்கும் இடத்தில் எவ்வளவு கொடுத்தாலும் போதாது.