கோவையில் மானிட்டர் வாங்கி மலைக்கு எடுத்துப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் 7,200 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்கு வீட்டிலிருந்தபடியே இலைக் கணக்கு எழுதித் தருகிறேன். பழைய 17 இன்ச் சதுர மானிட்டர் மங்கிப்போனதால், 24 இன்ச்சில் ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பேனல் (எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை) என்று தெளிவாக எழுதி வைத்துக்கொண்டுதான் கோயம்புத்தூர் இறங்கினேன்.

கடைக்காரர் முதலில் கேட்டதே "எங்கிருந்து வர்றீங்க அக்கா?" என்றுதான். சொன்னேன். அப்புறம் ஒரு மானிட்டரைப் போட்டு பூ, அருவி என்று பளபளவென வீடியோ காட்டினார். ஃபுல் எச்டிதானா என்று கேட்டதும் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து 1920 × 1080 (குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள்) என்று இருப்பதைக் காட்டினார். இதைவிட என்ன வேண்டும் என்று நம்பிவிட்டேன். "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறிடுங்க அக்கா, உங்களுக்கு எதுக்கு அது" என்றார், எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் விலையை மட்டும் எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் எக்செல் திறந்ததும் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்தைச் சுற்றி ஒரு மங்கல். கேபிள்தான் காரணம் என்று வேறு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன், டிரைவரை மாற்றிப் போட்டேன், மூன்று நாள் போனது. அதற்குள் இலை பறிக்கிற ஒருவரின் 36 கிலோவை 86 என்று படித்து, சாயங்காலம் கணக்கு உதைத்து, முழு வாரத்தையும் திரும்பக் கூட்டினேன். அது அவர்களுடைய கூலிப் பணம், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

ஊட்டியில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் அக்கா மகன் வந்து பார்த்துச் சொன்னான்: "சித்தி, இது 1366 × 768 பேனல்." 24 இன்ச் எச்டி ரெடி டிவிகளில் வருகிற அளவு அது. உள்ளே இருக்கும் போர்டு 1920 × 1080 சிக்னலை வாங்கிக்கொள்ளும், கம்ப்யூட்டரிடமும் அப்படியே சொல்லும், ஆனால் திரையில் அத்தனை புள்ளிகள் இல்லாததால் சுருக்கித்தான் காட்டும். ஃபுல் எச்டிக்கு 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் வேண்டும், இதில் இருப்பது 10 லட்சம் சொச்சம், அதாவது ஏறக்குறைய பாதி. ஓடுகிற வீடியோவில் இது கண்ணுக்குப் படாது, சின்ன எழுத்தில்தான் குட்டு வெளிப்படும். செட்டிங்ஸை 1366 × 768-க்கு மாற்றியதும் எழுத்து கூர்மையாகிவிட்டது, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கடைக்காரர் ஐபிஎஸ் என்று சொன்னதும் பொய். தரையில் உட்கார்ந்து கீழிருந்து பார்த்தால் நிறமே தலைகீழாகிறது, மலிவான டிஎன் பேனலில்தான் அப்படி ஆகும்.

ஆகவே கடைக்குப் போகும்போது பென்டிரைவில் ஒரு படம் கொண்டு போங்கள். பெயிண்ட்டில் 1920 × 1080 அளவில், ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டு பிஎன்ஜியாகச் சேமித்தால் போதும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1920 × 1080 இருக்கும்போதே, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வைத்து, படத்தை முழுத்திரையில் திறக்கச் சொல்லுங்கள். உண்மையான ஃபுல் எச்டியில் கோடுகள் தனித்தனியாகத் தெரியும், போலியில் சாம்பல் நிறமாகக் குழம்பி அலை அலையாக நிற்கும். பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண், தயாரித்த மாதம், வருடம், பிஐஎஸ் (இந்தியத் தரநிலைகள் பணியகம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று வந்துவிடும். என்னுடையதில் எந்த எண்ணும் இல்லை, ஒரு கம்பெனி பெயர் மட்டும் ஒட்டியிருந்தது.

கடைக்கு போன் செய்தால், "வித்த பொருளை ரிட்டர்ன் எடுக்கறதில்லைங்க, நீங்க பார்த்துதானே வாங்குனீங்க" என்றார். மலையிலிருந்து வந்தவர், ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப இறங்கி வரமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். எந்த ஊர் என்று முதலில் கேட்டதன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இன்னொன்று நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம்: கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியில் உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் அனுப்பியதன் ரசீது இருந்தது, துண்டுச் சீட்டையும், கோடுகள் குழம்பித் தெரியும் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தக் கடையில் வாங்கினேன் என்று காட்டவே சிரமப்பட்டிருப்பேன்.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து அவர்களே அழைத்தார்கள். "கொண்டு வாங்க அக்கா, வேற பீஸ் மாத்தித் தர்றோம்" என்றார்கள். வேறு பீஸ் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், 7,200 ரூபாயும் கணக்கில் ஏறிய பிறகுதான் பெட்டியைக் கையை விட்டு இறக்குவேன்.