பழைய பேஸ் கிடார் வாங்கப் போறீங்களா? நெக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

லண்டனில் விண்டேஜ் கருவிகள் விற்கும் ஒரு கடையில் '1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ஃபியஸ்டா ரெட், முழுக்க ஒரிஜினல்' என்று சொல்லி ஒரு ஒட்டுப்போட்ட சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். விலை 20,000 பவுண்டுக்கும் மேல். விவகாரம் முடியாததால் கடைப் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன்.

பேரம் ஆரம்பித்ததே பிரபல பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் புராணத்தில்தான். அவர் வாசித்ததும் 1962 ஜாஸ் பேஸ், இதுவும் அதே வருடம் என்று கடைக்காரர் உருகினார். ஜாக்கோவின் கிடாரில் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) எல்லாம் பிடுங்கப்பட்டு, மேலே எபாக்ஸி பிசின் பூசியிருந்தது. அதற்கு மதிப்பு வாசித்த கையால் வந்தது, வருடத்தால் அல்ல. உள்ளே பார்க்க வேண்டும் என்றதற்கு, திருகைத் தொட்டாலே மதிப்பு இறங்கிவிடும் என்றார். சுத்தப் பொய். விவரம் தெரிந்த வியாபாரி நெக் (கிடாரின் கழுத்து), பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) எல்லாவற்றையும் கழற்றிப் படம் எடுத்துத் தானாகவே காட்டுவார்.

எனக்கு வழக்கமாக ரிப்பேர் பார்ப்பவர் பாடியின் முன்பக்கம் மூடியிருக்கும் பிக்கார்டு தகட்டைத் திறந்ததுமே சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் ஃபெண்டர் தொழிற்சாலையில் பாடியில் சின்ன ஆணிகள் அடித்துத்தான் பெயின்ட் அடிப்பார்கள், காய்ந்த பிறகு ஆணியைப் பிடுங்குவார்கள். ஆகவே அந்த ஓட்டைக்குள் பெயின்ட் இருக்கக்கூடாது. இதில் ஓட்டைகள் சிவப்பால் அடைத்துக் கிடந்தன. ஒன்றை ஊசியால் நிமிண்டினார், பெயின்ட் செதிலாக உதிர்ந்தது. மறுபெயின்ட் அடித்த பாடி என்றாலே விலை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அதோடு நிற்கவில்லை. பாட்டின் முதுகில் 1377224 என்று குத்தியிருந்தது. 137 என்பது பாட் தயாரிக்கும் சிடிஎஸ் கம்பெனியின் எண், அடுத்து 72 வருடம், 24 வாரம். 1972-இல் செய்த பாட் 1962 கிடாருக்குள் எப்படி வந்தது? பிக்கப்பின் அடித்தட்டு சாம்பல் நிறம். 1964-க்கு முன்பு அது கறுப்பாக இருக்கும். ஈயப்பற்று புத்தம் புதிதாகப் பளபளத்தது. நெக்கின் அடியில் 62 முத்திரையும், பின்னால் இருக்கும் பிளேட்டும் மட்டும் அசல். சீரியல் எண் அந்த பிளேட்டில்தான் இருக்கிறது. நாலு திருகைக் கழற்றினால் எந்த பாடிக்கும் மாற்றிவிடலாம் என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

கடைக்குப் போய்க் கேட்டால், பழைய பொருளில் மாற்றம் சகஜமாம். வேறு கிடார் எடுத்துக்கொள்ளலாமாம், பணம் மட்டும் கிடையாதாம்! கார்டில் கட்டினால் கமிஷன் போகும், பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் தள்ளுபடி தருகிறேன் என்று ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. இங்கே பிரிட்டனில் கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையுள்ள பொருள் வாங்கினால், 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் பொறுப்பு. டிரான்ஸ்ஃபரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் 2015 நுகர்வோர் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்துவராவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்கலாம். 'முழுக்க ஒரிஜினல்' என்பதை பில்லிலேயே எழுதி வாங்கியிருந்தேன், அது இப்போது கைகொடுக்கிறது.

இன்னொன்று: யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற காகிதமும் கேளுங்கள். ஜாக்கோவின் கிடார் 1986-இல் திருடுபோய் இருபது வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. மோடவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனுடைய 1962 பிரிசிஷன் பேஸ் திருடுபோனதுதான், இன்றுவரை கிடைக்கவில்லை.

கெடுவுக்குள் கடிதம் கொடுத்தாயிற்று, வக்கீல் நோட்டீஸும் போய்விட்டது. பணம் திரும்பினால் கிடாரும் அந்தக் கடைக்கே திரும்பும், மறுபடி விற்பனைக்கு வரும். யாராவது சிவப்பு '62' ஒன்றைக் காட்டினால் பாட்டைத் திருப்பிப் பாருங்கள்: 1377224.