பாரிஸுக்குப் போகிறவர்கள் கவனிக்க: வராத காருக்கு 84 யூரோ அழுத கதை

பாரிஸ் வந்து இறங்கியது நேற்று முன்தினம். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 84 யூரோ. நம் பணத்தில் எட்டாயிரத்துச் சொச்சம். விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குக் கார் அனுப்புகிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள். கார் வரவே இல்லை.

பெயரைப் போட்டால் வேறு வம்பு வரும், விட்டுவிடுகிறேன். ஊர்ப் பெயரைத் தட்டினாலே தேடலில் முதலில் வந்து நிற்கும் 'ஏர்போர்ட் டிரான்ஸ்ஃபர்' தளங்களில் ஒன்று. அம்மாவுக்கு முட்டிவலி, பெட்டியோடு ரயில், படிக்கட்டு என்று அலைய வைக்க வேண்டாமே என்றுதான் கார். அந்தத் தளத்தில் ஒரு அட்டவணை போட்டிருந்தார்கள்: சாதாரண டாக்சி 100 முதல் 130 யூரோ, எங்களிடம் 84 மட்டுமே. அதற்குக் கீழே, உங்கள் விமானத்தைக் கண்காணிப்போம், தரையிறங்கிய பின் 60 நிமிடம் இலவசமாகக் காத்திருப்போம் என்று ஒரு வரி. கிளம்புவதற்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் டிரைவரின் படமே வந்தது. கறுப்புக் கோட்டு, கார் எண், கைகூப்பும் இமோஜி. அம்மாவிடம் காட்டினேன். "நல்ல பிள்ளையாட்டம் இருக்கான்" என்றார்.

சார்ல் து கோல் விமான நிலையம், டெர்மினல் 2இ. பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எல்லாம் முடித்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். பெயர் அட்டை பிடித்து நின்றவர்களில் எங்கள் பெயரோடு யாரும் இல்லை. மெசேஜ் அனுப்பினால் ஒற்றை டிக். போன் அடித்தால் நேராக வாய்ஸ்மெயில். "ஏண்டி, அந்தப் பிள்ளைக்கு வழியில ஏதும் ஆயிருக்குமோ?" என்று அம்மா அவனுக்காகக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். இதற்குள் வேறொரு கோட்டுக்காரர் பக்கத்தில் வந்து "டாக்சி? டாக்சி?" என்றார். எவ்வளவு என்றால் 120.

அவரை விட்டு விலகி, பலகையைப் பார்த்துக்கொண்டே வெளியில் இருக்கும் முறையான டாக்சி வரிசைக்குப் போனோம். ஏறி உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது ஜன்னலில் ஒட்டியிருந்த கட்டணத் தாள். இந்த விமான நிலையத்திலிருந்து சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. அரசு நிர்ணயித்தது, நெரிசலில் நின்றாலும் ஏறாது, பெட்டிக்கும் தனியாகக் கிடையாது. எங்கள் ஓட்டல் 'கார் து நோர்' ரயில் நிலையத்தின் பக்கம், வலக்கரை. 56 கொடுத்து ரசீதும் வாங்கினேன். 56 யூரோ டாக்சியை 100 முதல் 130 என்று அட்டவணை போட்டுக் காட்டிய தைரியத்தை என்ன சொல்ல!

அப்புறம் ஆரம்பித்தது பணத்தைத் திரும்பக் கேட்கும் படலம். சாட்டில் முதலில் இயந்திரம். அதைத் தாண்டி ஒரு மனிதர் வந்து, "பயணி வரவில்லை என்று டிரைவர் பதிவு செய்திருக்கிறார், ஆகவே பணம் திரும்பாது" என்றார். ஆதாரம் கேட்டேன். டிரைவர் எடுத்த படத்தை அனுப்பினார்கள். அட்டையில் எங்கள் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அவர் தலைக்கு மேலே தொங்கும் பலகையில் '2எஃப்'! எங்கள் டிக்கெட்டிலும் அவர்களுடைய முன்பதிவிலும் இருப்பது 2இ. இதைச் சொன்னதும், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, கார் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனிக்கு மெயில் போட்டால் சத்தமே இல்லை. மறுபடி சாட்டுக்குப் போனால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரி, அதற்கடியில் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு கேள்வி. 84 யூரோவை வாங்கிக்கொண்டு நட்சத்திரம் வேறு!

பாரிஸில் சுற்றுவது பற்றியே விரிவாக எழுத நினைத்தேன். இருக்கிற கடுப்பில் இவ்வளவுதான் வருகிறது. விமான நிலையத்துக்குள்ளே வந்து கூப்பிடுகிறவர் யாரோடும் போகாதீர்கள். வெளியே வரிசையில் நிற்கும், கூரையில் டாக்சி விளக்கு உள்ள வண்டி மட்டும். நடக்க முடிந்தவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் ஆர்இஆர் பி ரயில் போதும், 2025இல் கட்டணம் தலைக்கு 13 யூரோவாக இருந்தது. ஊருக்குள் ஓடும் மெட்ரோ டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது, பிடித்தால் அபராதம். டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈசி அட்டை ஆளுக்கொன்று வேண்டும், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது.

முன்பணம் கட்டுவதாக இருந்தால் நிபந்தனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கிறது, வங்கிக்கும் அனுப்பிவிட்டேன். இன்று காலை அந்தத் தளத்தில் தேடிப் பார்த்தால், 60 நிமிடம் காத்திருப்போம் என்ற வரியையே காணோம்.