அப்பாவின் இரட்டைக்குழல்: வீடா, கடையா, காவல் நிலையமா?

அப்பா ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர். அல்சூரில் அந்தப் படைப்பிரிவின் முகாமுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு பிடித்து, பல ஆண்டுகள் சொந்தத் துப்பாக்கியோடு வங்கிக் காவலராக நின்றார். 12 போர் (bore என்னும் குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி அது. எழுபதைத் தாண்டியதும், "கை நடுங்குகிறது, இனி நீ வைத்துக்கொள்" என்றார். உரிமதாரருக்கு 70 வயது ஆனாலும், ஆயுதம் 25 ஆண்டுகள் அவரிடம் இருந்தாலும், அவர் காலத்திலேயே வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம் என்கின்றன 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். அப்படித்தான் அது என்னிடம் வந்தது. நாங்கள் இப்போது இருப்பது பெங்களூரின் வேறொரு மூலையில்.

அதை எங்கே வைப்பது? மூன்று இடங்களிலும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டை இடித்துக் கட்டியபோது, ஆயுத விற்பனை உரிமம் பெற்ற ஒரு கடையில் ஒப்படைத்தோம். பதிவேட்டில் எழுதி ரசீது கொடுத்தார்கள், மாத வாடகை வாங்கினார்கள், குறையொன்றும் இல்லை. வெளிநாட்டுக்கோ நீண்ட நாள் ஊருக்கோ போகிறவர்களுக்கு இதுவே நல்லது. நாங்கள் வைத்திருந்தது ஒரு கோடைக்காலம்தான். மழைக்காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு என்னிடம் அனுபவமில்லை.

காவல் நிலையம் நாமாக விரும்பிப் போகிற இடமல்ல. தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். 2023 மே மாதம் சட்டமன்றத் தேர்தல், மறு ஆண்டே மக்களவைத் தேர்தல். இரண்டுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். குடகில் கொடவர்களுக்கு 2029 வரை உரிமமே வேண்டாம் என்ற விலக்கு உண்டு. அதைச் சொல்லிக் குடியாத்தத்துக்காரனான நான் இங்கே வாதாட முடியுமா என்ன?

இரண்டாவது முறை திரும்ப வாங்கி வந்த அன்று இரவு உறையைக் கழற்றினேன். தோல் உறை குழலை ஒட்டியிருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு வரி, விரலால் தடவினால் சொரசொரவென்றது. நிலையத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உறையோடு கொடுத்தது என் முட்டாள்தனம். ஆனால் அங்கே யார் திறந்து பார்த்து எண்ணெய் போடுவார்கள்? ரசீதில் துப்பாக்கியின் எண் இருந்ததே தவிர, என்ன நிலையில் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. இனி ஒப்படைத்தால், "குழலில் துரு இல்லை" என்று எழுதி வாங்காமல் நகர மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தத் துருதான். பெங்களூரின் ஆறு மாத ஈரத்துக்கு மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியாவது வேண்டும். வீட்டில் இருந்தால்தான் அது நடக்கும்.

வீட்டில் வைப்பதென்றால் சும்மா இல்லை. பத்திரமாக வைப்பேன் என்று உறுதி கொடுத்துத்தான் உரிமமே வாங்குகிறோம். பழைய துணி பீரோவை நம்பாமல் கனமான இரும்புப் பெட்டி வாங்கி, கான்கிரீட் சுவரில் போல்ட் போட்டு இறுக்கினேன். துப்பாக்கி தோட்டா இல்லாமல் உள்ளே இருக்கும். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். தோல் உறை பரணுக்குப் போய்விட்டது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் நான்கு.

சோதனைக்கு ஒரே ஒருமுறைதான் வந்தார்கள். வந்த தலைமைக் காவலர் பெட்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். அசையவில்லை என்றதும் முகம் இளகியது. துப்பாக்கி எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டார், தோட்டாக்களை மேசையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு, "சாவி யாரிடம்?" என்றார். அதுவரை அப்பாவின் இடுப்பில் கிடந்த கொத்தில்தான் அந்தச் சாவியும் இருந்தது. "உரிமம் இப்போது உங்கள் பெயரில்தானே, பெரியவரிடம் எதற்கு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுப் பாதுகாப்பில் பூட்டை எல்லோரும் பார்க்கிறோம், சாவியைப் பார்ப்பதில்லை. உரிமம் இல்லாதவர் கை எட்டக்கூடாது என்றால் அதில் மனைவி, மகன், அப்பா எல்லோரும் அடக்கம். எனக்குத் தெரிந்த ஒருவர் சாவியைப் பூஜை அறையில் வைக்கிறார். வீட்டில் எல்லோரும் தினம் இரண்டு வேளை போகிற இடம் அது!

கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாகலாம். எடைகுறைந்த பொருள், கள்ளனுக்கும் எளிது. நான் வைத்திருந்ததில்லை.

அன்று மாலையே அப்பா கொத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றி என் கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டியைத் திறக்கும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். குழலைத் துடைத்து முடித்ததும் துணியை விரித்துக் காட்டச் சொல்கிறார். அதில் தேநீர்க் கறைபோல் ஏதாவது தெரிந்தால், "இன்னொரு தரம் துடை" என்கிறார்.