ஒரே டிஷ்ஷில் வீடு முழுக்க டிவி என்று வருபவரிடம் பணம் கொடுக்கும் முன்

மொட்டைமாடியில் ஒரே ஒரு டிஷ் வைத்து, அதிலிருந்து வீட்டிலுள்ள எல்லா டிவிகளுக்கும் கைபேசிகளுக்கும் வைஃபை வழியாக சாட்டிலைட் சேனல்களைக் கொண்டுவந்து தருவதாகவும், மாதக் கட்டணமே கிடையாது என்றும் சொல்லி, கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஒருவர் வேலை எடுத்துச் செய்துவருகிறார். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் 18,500 ரூபாய் வாங்கினார். அவர் வைத்துவிட்டுப் போனது சாட்டிலைட் டிவியே அல்ல. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார் என்பதை முழுதாக எழுதுகிறேன். அது தெரிந்துவிட்டால், யார் எந்தப் பெயரில் வந்தாலும் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

அவர் சொல்லும் தொழில்நுட்பம் கற்பனை அல்ல. இதில் பெரிய ஆபத்தே அதுதான். டிஷ்ஷில் விழும் அலையை அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி வாங்கி, அலைவரிசையைக் குறைத்து, கேபிள் வழியே கீழே அனுப்புகிறது. வழக்கமாக அந்தக் கேபிள் செட்டாப் பாக்ஸோடு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ட்யூனர், அதாவது வேண்டிய அலைவரிசையைப் பிடிக்கும் கருவி, உள்ள சர்வர் பெட்டி ஒன்றில் அதைச் செருகினால், அந்தப் பெட்டி சேனலின் தரவை எடுத்து வீட்டு நெட்வொர்க்கில் விடும். ரவுட்டரோடு இணைந்திருக்கும் எந்த டிவியிலும் அதைப் பார்க்கலாம். ஐரோப்பாவின் செயற்கைக்கோள் நிறுவனமான எஸ்இஎஸ் முன்னின்று 2012இல் இதற்கென ஒரு பொது முறையையே கொண்டுவந்தது. சாட்-ஐபி என்பது அதன் பெயர். டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு சிறிய கணினியில் நிறுவி, யூஎஸ்பி ட்யூனர் செருகியும் இதைச் செய்கிறார்கள். ஆகவே வருபவர் இதையெல்லாம் சரளமாகப் பேசுவார், நீங்கள் தேடிப் பார்த்தாலும் எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்.

எங்கள் தேவை சிறியது. கீழே அப்பாவுக்கு டிடி தமிழ்ச் செய்தியும் ஆகாசவாணியும் வேண்டும். மாடியில் பிள்ளைகளுக்கு டிடி ஸ்போர்ட்ஸ். பின்கட்டில் இருக்கும் அத்தைக்குத் தனியாக ஒரு டிஷ்ஷும் பெட்டியும் வைப்பதற்குப் பதில் இப்படி ஒரே ஏற்பாடாகச் செய்துவிடலாம் என்று நினைத்தோம். பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் இதற்குப் பொருத்தமானது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை அது. சந்தா கிடையாது. பெரும்பாலான சேனல்கள் பூட்டில்லாமலேயே வருகின்றன. கட்டண டிடிஎச் அப்படி அல்ல. அந்தச் சேனல்கள் மறையாக்கம் செய்யப்பட்டு, அந்தந்த நிறுவனத்தின் பெட்டியில் மட்டுமே திறக்கும். கடையில் வாங்கும் ட்யூனருக்கு அவை வெறும் குப்பைத் தரவு.

இதை நான் அவரிடமே சொன்னேன். “ஃப்ரீ டிஷ் சேனல்கள் போதும்” என்றேன். “அது மட்டும் எதற்கு சார்? தமிழில் இருக்கிற கட்டணச் சேனல்கள் எல்லாமே வரும்படி செய்து தருகிறேன். வருவதை வேண்டாம் என்பீர்களா?” என்றார். டிஷ்ஷிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு என்று பேசிவிட்டு, கூடவே எல்லாக் கட்டணச் சேனல்களையும் இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தருவது டிஷ்ஷிலிருந்து வரவில்லை. இதை எல்லோரும் அழுத்தமாக மனத்தில் வைக்க வேண்டும்.

வேலை நடந்த நாளன்று எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. மாடியின் கைப்பிடிச் சுவரில் டிஷ் வைத்தார். கேபிளைக் கீழே இழுத்தார். ரவுட்டருக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்தார். டிவிகளில் ஏதோ செயலியை நிறுவினார். ரவுட்டரின் கடவுச்சொல்லைக் கேட்டு, உள்ளே சென்று எதையெதையோ மாற்றினார். படம் தெளிவாக வந்தது. பணத்தை யுபிஐயில் வாங்கிக்கொண்டார். ரசீது பிறகு அனுப்புவதாகச் சொன்னார். அது வரவே இல்லை.

மாதம் முடிவதற்குள் பிராட்பேண்டின் வேகம் படுத்துவிட்டது. எங்கள் திட்டத்துக்குரிய தரவு அளவு தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். விநாடிக்கு 4 மெகாபிட் ஓடும் ஒரு சேனல் ஒரு மணி நேரத்தில் 1.8 ஜிபி தரவைத் தின்னும். மூன்று டிவிகள் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 32 ஜிபிக்கு மேல். மாதத்துக்கு ஏறக்குறைய 970 ஜிபி. உண்மையான சாட்டிலைட் ஏற்பாட்டில் இது முழுவதும் வீட்டுக்குள்ளேயே ஓடும். இணையக் கணக்கில் ஒரு ஜிபிகூட ஏறாது. டிவி பார்க்கப் பார்க்க இணையத் தரவு கரைகிறது என்றால் சேனல் வானத்திலிருந்து வரவில்லை என்று பொருள். அதே சமயத்தில்தான் “சர்வர் புதுப்பிப்பு” என்று மாதம் 300 ரூபாய் கேட்டும் செய்தி அனுப்பினார். டிஷ்ஷும் என்னுடையது, பெட்டியும் என்னுடையது. புதுப்பிக்க என்ன இருக்கிறது?

ஐப்பசி மழையில் எங்கள் தெருவின் ஃபைபர் கேபிள் அறுந்தது. இன்வெர்ட்டர் இருந்ததால் டிவிகளுக்கு மின்சாரம் இருந்தது. ஆனால் மூன்றிலும் படம் போய்விட்டது. பெருமழை கொட்டும்போது டிஷ்ஷில் சிக்னல் மங்குவது உண்டு. டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் என்ற உயர் அதிர்வெண் அலையை மழைத்துளிகள் விழுங்கிவிடும். ஆனால் மழை விட்டதும் தானாகத் திரும்பிவிடும். பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் அப்படித்தான் திரும்பியது. எங்கள் வீட்டில் ஃபைபர் சரியாகும் வரை ஒன்றும் வரவில்லை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நிற்கும் நேரத்தில் கடலூர்க்காரர்களுக்கு வானிலைச் செய்தி எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கடந்தது. இணையம் போனாலும் இயங்கும் என்பதற்காகவே சாட்டிலைட் வேண்டும் என்றார் அப்பா. அதையேதான் இந்த ஆள் இல்லாமல் செய்துவிட்டார்.

முதுநகரில் நெடுங்காலமாக டிஷ் பொருத்தும் ஓர் அண்ணனை அழைத்துவந்தேன். மாடிக்கு ஏறியவர் டிஷ்ஷைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். “இது எந்த சாட்டிலைட்டைப் பார்க்கிறது தம்பி?” என்றார். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. கடலூரிலிருந்து அது தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் இருக்கிறது. எங்கள் டிஷ் மேற்கே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்என்பியின் மூடி உடைந்து, உள்ளே உப்பு பூத்திருந்தது. யார் வீட்டிலிருந்தோ கழற்றிய பழைய சாமான். பிறகு அண்ணன் கேபிளைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார். ரவுட்டர் வைத்த அலமாரிக்குப் பின்னால், ஒரு பிரிப்பானில் மாட்டப்பட்டு, அது அங்கேயே முடிந்திருந்தது. கறுப்புப் பெட்டியில் டிஷ் கேபிள் செருகும் துளையே இல்லை. அது சாதாரண ஆண்ட்ராய்டு பெட்டி. யாரோ திருட்டுத்தனமாக இணையத்தில் விடும் சேனல்களை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது அவர் தடுமாறவே இல்லை. “இதுவும் சாட்டிலைட்தான் சார். எங்கள் இடத்தில் டிஷ் இருக்கிறது. அங்கிருந்து நெட்டில் உங்களுக்கு வருகிறது” என்றார். அப்படியென்றால் எங்கள் மாடியில் இருப்பது எதற்கு என்று கேட்டேன். அது சிக்னல் பேக்கப்புக்காம். புகார் கொடுப்பேன் என்றதும் குரல் மாறியது. “நான் பாண்டி, நீங்கள் தமிழ்நாடு. எங்கே போய்க் கொடுப்பீர்கள்?” என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவர் எல்லையின் இரண்டு பக்கமும் தொழில் செய்கிறார் என்று நினைக்கிறேன்.

பணத்தைவிட எனக்கு அதிகக் கோபம் அந்தப் பெட்டியின் மீதுதான். யார் செய்தார்கள் என்றே தெரியாத ஒரு கருவியை, பிள்ளைகளின் கைபேசிகளும் அப்பாவின் வங்கிக் கணக்கும் புழங்கும் நெட்வொர்க்குக்குள் அவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் பல, தீங்கு செய்யும் மென்பொருளோடு வருகின்றன. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட, இப்படிப் பாதிக்கப்பட்ட கருவிகளின் வலைப்பின்னலைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. இலவசமாகச் சேனல் காட்டுவதாக விற்கப்படும் பெட்டிகளைக் குறித்தும் அதில் சொல்லியிருந்தது. அத்தகைய பெட்டி, வீட்டின் இணைய முகவரியைப் பிறரின் குற்றங்களுக்கு வாடகைக்கு விடும். நாங்கள் பெட்டியைக் கழற்றிவிட்டோம். ரவுட்டரைப் புதிதாக வாங்கியபோது இருந்த அமைப்புக்குத் திருப்பி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். அவர் ரவுட்டரில் வெளியிலிருந்து நுழைவதற்கான வழியையும் திறந்து வைத்திருந்தார்.

வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால், பணத்தைக் கையில் எடுக்கும் முன் அவர் கண்முன்னே இதைச் செய்யுங்கள். ரவுட்டரை அணைக்காமல், அதற்குள் வரும் இணைய இணைப்பை மட்டும் பிடுங்குங்கள். உண்மையான சாட்டிலைட் ஏற்பாடு என்றால் எல்லா டிவிகளிலும் படம் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் போக்குவரத்துக்கு வெளி இணையம் தேவையே இல்லை. இணையத்தைத் திரும்பச் செருகிவிட்டு, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைக் கழற்றுங்கள். இப்போது படம் நின்றாக வேண்டும். இரண்டில் எது தவறினாலும் பணம் கொடுக்காதீர்கள். “செட் ஆக ஒரு நாள் ஆகும்”, “சர்வர் இப்போதுதான் சிங்க் ஆகிறது” என்று வரும் எந்தப் பதிலையும் ஏற்க வேண்டாம்.

பிறகு முதுநகர் அண்ணனே உண்மையான ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். அதில் கற்றதைச் சொல்கிறேன், உங்களுக்குக் கேள்வி கேட்க உதவும். செயற்கைக்கோள் பல சேனல்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் ஒரு தொகுதியை டிரான்ஸ்பாண்டர் என்கிறார்கள். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டரை மட்டுமே பிடிக்கும். அதிலுள்ள சேனல்களை எத்தனை டிவியிலும் பார்க்கலாம். அப்பாவும் பிள்ளைகளும் வெவ்வேறு டிரான்ஸ்பாண்டரில் உள்ள சேனல்களைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு ட்யூனர்கள் வேண்டும். ஆகவே பெட்டியில் எத்தனை ட்யூனர் என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு விழிப்பவரை அனுப்பிவிடலாம். சர்வரையும் ரவுட்டரையும் லேன் கேபிளால்தான் இணைக்க வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷின் ஒரு முழு டிரான்ஸ்பாண்டரே விநாடிக்கு ஏறக்குறைய 40 மெகாபிட்தான், 100 மெகாபிட் கம்பி தாராளமாகத் தாங்கும். வைஃபையில்தான் சிக்கல். மல்டிகாஸ்ட் முறையில், அதாவது ஒரே ஓட்டத்தைப் பல கருவிகளுக்கும் ஒருசேர விட்டால், ரவுட்டர் அதை மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும், வழியில் தொலைந்த தரவுத் துண்டு திரும்ப வராது, படம் கட்டம் கட்டமாக உடையும். எங்கள் வீட்டுச் சுவர்கள் பழங்காலத்துச் செங்கல் சுவர்கள் என்பதால் பின்கட்டு வரை கம்பியே இழுத்துவிட்டோம். கேபிள் முனைகளில் நீர் புகாத உறை போட வேண்டும். நம் கடற்காற்றில் திறந்த முனை சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். டிஷ்ஷைத் திருகாணியில் நிறுத்தாமல், தளத்தில் போல்ட் இறக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். அந்த ஆள் வைத்திருந்ததை அண்ணன் ஒரே கையால் அசைத்துக் காட்டினார்.

“நீங்கள் தமிழ்நாடு” என்ற மிரட்டலுக்கும் பதில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு தாக்கல் செய்யலாம். எதிராளி எந்த மாநிலத்தில் கடை வைத்திருந்தாலும் சரி. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே மனுவைப் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம். உதவி எண்ணில் பதிந்த பிறகு அவர் 5,000 ரூபாயை மட்டும் திருப்பி அனுப்பி, “முடித்துக்கொள்ளலாம் சார்” என்று செய்தி போட்டார். முடித்துக்கொள்ளவில்லை.

இதே ஏற்பாட்டை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள் இன்றே இணையத்தைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். படம் நின்றால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். அதன் நான்கு பக்கங்களையும், டிஷ் பார்க்கும் திசையையும், கேபிள் எங்கே முடிகிறது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். ரசீது இல்லாத எங்கள் மனுவுக்கு இவைதான் ஆதாரம்.